கைனகரி சேட்டாவுக்கு நன்றி

ஆலப்புழை படகு வீடுகளைச் சாயங்காலம் 5:30 வாக்கில் கரையில் கட்டிவிடுவார்கள், ராத்திரியில் மீனவர்கள் வலை விரிப்பதால். நியாயம்தான். ஆனால் எங்கள் படகைக் கைனகரி கிராமத்துப் பக்கம் கட்டியிருந்தபோது அம்மாவுக்கு வீசிங் வந்துவிட்டது, அங்கே வரப்பு வழியாக ஆட்டோகூட வராது. பக்கத்துப் படித்துறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு உடனே வள்ளத்தை அவிழ்த்தீர்கள். மோட்டார் இல்லை, மூங்கில் கழிதான். ஒரு பக்கம் வாய்க்கால் தண்ணீரைவிடத் தாழ்ந்து கிடக்கும் வயல், இன்னொரு பக்கம் ஆகாயத்தாமரை, வள்ளம் சிக்கும்போதெல்லாம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தள்ளினீர்கள். அப்புறம் ரோட்டில் ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டு, காசும் வாங்காமல், பேரும் சொல்லாமல் போய்விட்டீர்கள். அம்மா இப்போது நன்றாக இருக்கிறார் சேட்டா. ரொம்ப நன்றி. கைனகரிக்காரர்கள் யாராவது பார்த்தால் அவரிடம் சொல்லிவிடுங்கள்.