லெஸ்டரில் இருக்கும் மகனுக்கு: நேர்சிங் விண்ணப்பம் பற்றி

அன்புள்ள தம்பி,

பல்கலைக்கழக விண்ணப்பங்களை எடுக்கிற யூகாஸுக்கு உன்னைப் பற்றி நீ எழுதி, எனக்கு அனுப்பின எழுத்தை இரண்டு தரம் வாசித்தேன். இங்கிலிஷில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் 'கெயாரிங்' என்ற சொல் ஏழு இடத்தில் வருகிறது, நேர்ஸ் என்ன வேலை செய்கிறார் என்பது ஓரிடத்திலும் வரவில்லை. விண்ணப்பங்களை வாசிக்கிறவர்களுக்கு எல்லாரும் இரக்கமுள்ள பிள்ளைகள்தான். இந்த வேலை என்னவென்று தெரிந்துதான் கேட்கிறாயா என்று அறியத்தான் அவர்கள் வாசிக்கிறார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பார்.

முதலில் நீ தெரிந்தெடுத்த ஐந்து இடங்கள். அதில் ஒன்று 'ஹெல்த் அன்ட் சோஷல் கெயார்' பட்டம். பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் அதை முடித்தாலும் நேர்ஸ்மாரைப் பதிகிற சபையான என்.எம்.சி.யில் பதிய முடியாது, பதியாமல் நேர்ஸாக வேலை செய்யவும் முடியாது. எடுத்துவிடு. 'நேர்சிங் அசோசியேட்' என்று வரும் இரண்டு வருடப் படிப்பும் வேறு, அது தனிப் பதிவு. ஒவ்வொரு படிப்பும் என்.எம்.சி. அங்கீகாரம் பெற்றதா என்று என்.எம்.சி. தளத்திலேயே பார். பல்கலைக்கழக விளம்பரத்தை மட்டும் நம்பாதே.

இன்னொன்று, மூன்று இடத்துக்கு வயது வந்தோர் பிரிவும் இரண்டு இடத்துக்கு மனநலப் பிரிவும் போட்டிருக்கிறாய். ஒரே எழுத்துத்தான் ஐந்து இடத்துக்கும் போகும். இரண்டு பிரிவையும் சமாளிக்கப் பார்த்தால் எங்குமே ஒட்டாது. வயது வந்தோர், சிறுவர், மனநலம், கற்றல் குறைபாடு என்ற நாலில் ஒன்றை முடிவு செய். பதிவும் அந்தப் பிரிவில்தான் வரும், 'பிறகு மாறலாம்' என்பது லேசான காரியமில்லை. நீ வேலை செய்கிற கெயார் ஹோமையும் உன் பேச்சையும் வைத்துப் பார்த்தால் வயது வந்தோர் பிரிவுதான் சரி என்று நினைக்கிறேன். முடிவு உன்னுடையது.

உன் ஏ லெவல் பெறுபேறு ஒரு பி, இரண்டு சி. அது யூகாஸ் கணக்கில் 104 புள்ளி. 120 கேட்கிற இடம் ஒன்று, 112 கேட்கிற இடம் ஒன்று, மற்ற மூன்றும் 104 அல்லது அதற்குக் குறைவாகக் கேட்கிற இடங்கள் என்று வை. ஐந்தையும் பெரிய பெயர்களாக அடுக்கினால் மாசியில் ஐந்து மறுப்புக் கடிதம் வரும். ஜி.சி.எஸ்.ஈ.யில் (16 வயதுப் பரீட்சையில்) கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் தரம் 4 இருக்கிறது. விஞ்ஞானமும் கேட்கிறார்களா, விண்ணப்பிக்கும்போதே கையில் இருக்க வேண்டுமா என்று இடத்துக்கு இடம் வேறுபடும். ஒவ்வொன்றின் பக்கத்தையும் திறந்து பார். விட்டுப்போன படிப்பு, பெயிலான பாடம் எல்லாவற்றையும் படிவத்தில் போடு. மறைத்தது பிறகு தெரியவந்தால் கிடைத்த இடமும் போய்விடும்.

இனி எழுத்து. 2026 அனுமதியிலிருந்து அது ஒரே கட்டுரை இல்லை, மூன்று கேள்வி. ஏன் இந்தப் படிப்பு, உன் படிப்பு அதற்கு உன்னை எப்படித் தயாராக்கியது, படிப்புக்கு வெளியே என்ன செய்தாய், அது ஏன் உதவும். மூன்றுக்கும் சேர்த்து இடைவெளியோடு 4,000 எழுத்து. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. நீ முதல் கேள்விக்கே 2,600 செலவழித்துவிட்டு மூன்றாவதை நாலு வரியில் முடித்திருக்கிறாய். நேர்சிங்குக்கு அது தலைகீழ். முதலாவதுக்கு 1,100, இரண்டாவதுக்கு 900, மூன்றாவதுக்கு 2,000 என்று பங்கிட்டுப் பார். ஒன்றில் சொன்னதை மற்றதில் திருப்பிச் சொல்லாதே, மூன்றையும் ஒன்றாகத்தான் வாசிப்பார்கள்.

'நான் கெயார் ஹோமில் முதியவர்களுக்கு உதவினேன்' என்று எழுதியிருக்கிறாய். எதற்கு உதவினாய்? அங்கே சிலருக்குத் தேநீரில் தடிப்பாக்கும் மா கலந்து கொடுப்பார்கள், நீ கட்டாயம் கண்டிருப்பாய். ஏன் என்று கேட்டாயா? விழுங்கும் தசை பலமிழந்தால் தண்ணியான பானம் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நெஞ்சில் கிருமி பிடிக்கும். எவ்வளவு தடிப்பு வேண்டும் என்று தீர்மானிப்பவர் பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளர். நிமிர்த்தி இருத்தியா கொடுக்கிறார்கள், விழுங்கியபின் இருமல் வருகிறதா என்று கவனித்து நேர்ஸிடம் சொல்வது உன்னைப் போன்றவர்கள். இந்த ஒரு கோப்பைத் தேநீரிலேயே பாதுகாப்பும் கூட்டு வேலையும் அவதானிப்பும் வந்துவிட்டது. 'எனக்குக் குழுவாக வேலை செய்யத் தெரியும்' என்று தனியாக ஒரு வரி தேவையில்லை.

படுக்கைப் புண்ணும் அப்படித்தான். குதிக்காலையும் முதுகடி எலும்பையும் ஏன் தினமும் பார்க்கிறார்கள்? வெள்ளைத் தோலில் சிவப்பாகத் தெரிகிற ஆரம்ப அடையாளம் எங்களைப் போன்ற தோலில் அவ்வளவு தெரியாது. சூடு, இறுக்கம், நோ இருக்கிறதா என்று தொட்டும் கேட்டும் பார்க்க வேண்டும். இதைக் கேட்டறிந்து எழுதுகிற பிள்ளையை நேர்முகத்துக்குக் கூப்பிடாமல் விடமாட்டார்கள். எழுதும்போது மூன்று படி போதும்: கண்டது என்ன, நேர்ஸ் ஏன் அப்படிச் செய்தார், அதனால் உன் செய்கையில் மாறியது என்ன. மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். அங்கே இருப்பவர்களின் பெயர், அறை, ஊர் ஒன்றும் வரக்கூடாது. அந்தரங்கம் காக்கத் தெரியாதவர் என்று முதல் வாசிப்பிலேயே ஒதுக்கிவிடுவார்கள்.

அப்பம்மாவைக் குடும்ப டொக்டரான ஜி.பி.யிடம் கூட்டிப்போய் மொழிபெயர்த்ததை எழுதலாம், ஆனால் பெருமையாக மட்டும் எழுதாதே. குடும்பத்தவர் மொழிபெயர்ப்பதை அரச மருத்துவ சேவையான என்.எச்.எஸ். விரும்புவதில்லை. பேரனுக்கு முன்னால் சொல்ல வெட்கப்படும் விஷயம் இருக்கும், மருந்தின் அளவு தவறிப்போகும். அதை விளங்கிக்கொண்டேன் என்று எழுதினால் அந்த அனுபவத்துக்கு எடை கூடும்.

'கெயார்', 'கொம்பாஷன்' என்று சி எழுத்தில் தொடங்கும் நேர்சிங்கின் ஆறு 'சி'களைப் பட்டியலிடாதே. என்.எச்.எஸ். விழுமியங்களை அப்படியே பிரதி பண்ணாதே. யூகாஸ் எல்லா எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் எழுத்தில் எங்கும் வேண்டாம். ஜனவரி நடுவில் மாலை 6 மணிக்கு முடிவு நேரம். அன்றைக்கு வைத்துக்கொள்ளாமல் கார்த்திகைக்குள் அனுப்பு. நீ பள்ளிக்கூடத்தை விட்டு மூன்று வருடமாகிறது, அதனால் பரிந்துரையைக் கெயார் ஹோம் மனேஜரிடம் இப்பவே கேள். சொந்தக்காரர், சிநேகிதர் எழுதக்கூடாது.

இன்ரவியூ பல இடங்களில் ஐந்து நிமிடம், ஏழு நிமிடம் என்று சின்னச் சின்னக் கட்டங்களாக நடக்கும். 'சக மாணவர் நோயாளியின் படத்தை வட்ஸ்அப்பில் போட்டார், என்ன செய்வாய்?' என்கிற மாதிரிக் கேள்விகள் வரும். 'கண்டும் காணாமல் இருப்பேன்' என்பதும் பிழை, 'உடனே பொலிசுக்குப் போவேன்' என்பதும் பிழை. நோயாளிக்கு என்ன தீங்கு என்று முதலில் சொல். படத்தை எடுக்கச் சொல்வேன், பொறுப்பான நேர்ஸிடம் அன்றே தெரிவிப்பேன் என்று சொல், காரணத்தையும் சொல். என்.எம்.சி. ஒழுக்கக் கோவையின் நாலு தலைப்பையும் ஒருக்கால் வாசித்துக்கொண்டு போ. மூன்று வருடத்தில் 2,300 மணித்தியாலம் வார்டுகளிலும் வீடுகளிலும் பயிற்சி, அதில் இரவும் வார இறுதியும் உண்டு. லெஸ்டர் பஸ் விடிய 6 மணிக்கு எப்படி ஓடுகிறது என்று பார்த்து வைத்திருந்தால் அதையும் சொல்லலாம்.

சில இடங்களில் கணக்குச் சோதனையும் இருக்கும். கணக்கு லேசு, தசமப் புள்ளிதான் விழுத்தும். 0.25 கிராம் என்பது 250 மில்லிகிராம். 2 மில்லிலீற்றரில் 50 மில்லிகிராம் இருந்தால் 75 மில்லிகிராமுக்கு 3 மில்லிலீற்றர். 1 லீற்றர் சேலைன் 8 மணித்தியாலத்தில் ஏற வேண்டுமென்றால் மணிக்கு 125 மில்லிலீற்றர். விடை வந்ததும் 'இது நடக்கக்கூடிய அளவா' என்று ஒரு தரம் யோசி. பத்து மடங்கு பிழை அங்கேதான் பிடிபடும்.

இடம் கிடைத்தாலும் அது நிபந்தனையோடுதான் வரும். குற்றப் பதிவுச் சோதனையான டி.பி.எஸ்.சுக்குக் கடந்த ஐந்து வருட விலாசமும் திகதியோடு வேண்டும். நீ நாலு வீடு மாறியிருக்கிறாய், இப்பவே எழுதி வை. சின்னமுத்துக்கான எம்.எம்.ஆர். இரண்டு ஊசி, கொப்புளிப்பான், ஹெபடைட்டிஸ் பி பதிவுகளை ஜி.பி.யிடம் எடு. யாழ்ப்பாணத்தில் போட்டவை இங்கே பதிவில் இருக்காது, இரத்தச் சோதனை கேட்பார்கள். காசைப் பற்றிப் பயப்படாதே, 'லேர்னிங் சப்போர்ட் பண்ட்' என்ற உதவி நிதியில் வருடத்துக்கு 5,000 பவுண்ஸ் கிடைக்கும், திருப்பிக் கட்டத் தேவையில்லை. ஆனால் அது தானாக வராது, ஒவ்வொரு வருடமும் நீதான் விண்ணப்பிக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வியை முதலில் எழுதி அனுப்பு. வியாழனும் வெள்ளியும் எனக்கு நைட், சனி பின்னேரம் வாசிப்பேன்.

அன்புடன்,
அம்மா