டாட்காஸ்டர்ல குடிச்ச ஓட்ஸ் ஸ்டவுட்

மாப்ள செந்தில்,

உன் லெட்டர் வந்துச்சுடா, பாப்பாவுக்கு கேட்ட காலேஜ்லயே சீட் கிடைச்சதுல இங்க எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷம், அம்மா முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் பிடிமானம் இல்லாம நடக்குறாங்கன்னு படிச்சப்ப மனசு நிறைஞ்சு போச்சு. இங்க இங்கிலாந்துல, லீட்ஸ்ல நாங்க நல்லா இருக்கோம், சின்னவன் இந்த வருஷம் ஹைஸ்கூல் போறான், எனக்கு வேலை வழக்கம்போல ஓடுது.

ஆனா ஒண்ண மட்டும் என்னால விட முடியல. பெங்களூர்ல ஏதோ ஒரு ப்ரூவரில, அதான் பீர் காய்ச்சுற இடத்துல, ஸ்டவுட்னு கருப்பு பீர் குடிச்சியாம், வாயெல்லாம் கசப்பு, ஒரு வாய்க்கு மேல இறங்கல, இனி அந்தப் பக்கமே போகமாட்டேன்னு எழுதியிருக்க. ஒரு கிளாஸ வச்சு முடிவு பண்ணாதடா. ஓட்ஸ் போட்ட ஸ்டவுட்ட நீ ஒரு தடவை குடிச்சுப் பாக்கணும், அதுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

போன சனிக்கிழமை டாட்காஸ்டர் போனேன், லீட்ஸுக்கும் யார்க்குக்கும் நடுவுல வார்ஃப் ஆத்தங்கரைல இருக்குற சின்ன ஊரு, ஆனா ஊர்ல மூணு ப்ரூவரி. அதுல பழசு சாமுவேல் ஸ்மித், 1758ல ஆரம்பிச்சது, அப்ப தோண்டின கிணத்துத் தண்ணிலதான் இன்னைக்கும் பீர் காய்ச்சுறாங்க, பலகைக்கல்லுல செஞ்ச சதுரத் தொட்டியிலதான் புளிக்க வைக்கிறாங்க. உள்ளூர் பப்புக்கு இன்னும் குதிரை வண்டில பீர் போகுது மாப்ள, ஷைர்னு வண்டி இழுக்குற பெரிய ஜாதிக் குதிரை, ஒவ்வொண்ணும் ஆள் உயரத்துக்கு மேல. அவங்க பப்புல பாட்டு கிடையாது, டிவி கிடையாது, போனை நோண்டக்கூடாது, அதனால எதிர்ல இருக்குற ஆளையும் கிளாஸையும்தான் பாக்கணும், எனக்கு அது ரொம்பப் புடிச்சிருக்கு.

அவங்க ஓட்ஸ் ஸ்டவுட், பேரு ஓட்மீல் ஸ்டவுட், பெரிய பாட்டில்ல வருது, 550 மில்லி, ஆல்கஹால் 5 சதவீதம்தான். ஊத்துனா கிட்டத்தட்ட கருப்பு, மேல பழுப்பு நுரை. வாசத்துல காப்பி, கொஞ்சம் சாக்லேட், வாய்ல வச்சதும் முதல்ல லேசா இனிப்பு, அப்புறம் வறுத்த பார்லியோட கசப்பு வருது ஆனா குத்தல, நாக்கு பூரா வழுவழுன்னு பரவி, பாட்டி குடுப்பாங்களே உளுந்தங்கஞ்சி, அது மாதிரி தொண்டைல இறங்குது. ஓட்ஸ் போட்டதால ஓட்ஸ் ருசி வரும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி பெருசா ஒண்ணும் வராது. ஓட்ஸோட வேலையே வேற, அது குடுக்குறது கெட்டித்தன்மை. அதுல பீட்டா குளுக்கான்னு ஒரு நார்ச்சத்து இருக்கு, உங்க அப்பாவ கொலஸ்ட்ராலுக்கு ஓட்ஸ் சாப்பிடச் சொன்னாங்கல்ல டாக்டர், அதுக்குக் காரணமும் அதேதான், தண்ணியோட சேந்தா கொழகொழன்னு ஆகும். பீர்ல அதுதான் கசப்ப மூடிக் குடுக்குது. அதுக்காக அள்ளிக் கொட்டவும் முடியாது, அளவு மீறுனா ஊறவச்ச தானியம் மொத்தமா பசையா இறுகிப் போய் சாறு கீழ வடியாது, ஓட்ஸ்ல இருக்குற எண்ணெய்ப் பசை நுரையையும் அமுக்கிடும். அதனால பெரும்பாலும் மொத்த தானியத்துல அஞ்சுல இருந்து இருபது சதவீதத்துக்குள்ளதான் போடுவாங்க.

ஓட்ஸ் ஸ்டவுட்டோட கதையும் நல்லா இருக்கு. 1890கள்ல ஸ்காட்லாந்துலயும் இங்கிலாந்துலயும் இது ஒரு அலையா கிளம்புச்சு, சத்தான பானம், உடம்பு தேறுறவங்களுக்கு நல்லதுன்னு சொல்லி வித்தாங்க. லண்டன்ல பார்க்ளே பெர்கின்ஸ்னு பெரிய ப்ரூவரி, அவங்க ஓட்மீல் ஸ்டவுட்ல போட்ட ஓட்ஸ் அரை சதவீதம் அளவுதான், பேருக்காகப் போட்டது! அப்புறம் மெல்ல மெல்ல இந்த வகையே அழிஞ்சு போய், 1980ல மெர்ச்சன்ட் டு வின்னு ஒரு அமெரிக்க இறக்குமதி கம்பெனி கேட்டதுனால சாமுவேல் ஸ்மித் மறுபடி காய்ச்ச ஆரம்பிச்சாங்க. அதக் குடிச்சுட்டுத்தான் அமெரிக்காவுல சின்னச் சின்ன ப்ரூவரியெல்லாம் ஆளாளுக்கு ஒண்ணு போட்டாங்க. மிச்சிகன்ல ஃபவுண்டர்ஸ்னு ஒரு கம்பெனி காப்பியும் சாக்லேட்டும் சேத்து 8 சதவீதத்துக்கு மேல ஒண்ணு போடுறாங்க, பேரே ப்ரேக்ஃபாஸ்ட் ஸ்டவுட், நல்ல சரக்குதான், ஆனா ஒரு பாட்டிலோட நிறுத்திக்கணும். எனக்கு டாட்காஸ்டர்துதான். அத மெதுவா உறிஞ்சிக்கிட்டு ஒரு சாயங்காலம் பூரா பேசிக்கிட்டு இருக்கலாம்.

இன்னொண்ணு, பீர்னா ஜில்லுனு இருக்கணும்னே நாம பழகிட்டோம். இத அப்படிக் குடிச்சா வாசமும் இனிப்பும் செத்துப்போயி கசப்பு மட்டும் முன்னாடி நிக்கும், உனக்கு நடந்தது அதுவாத்தான் இருக்கும்னு எனக்குத் தோணுது. 13 டிகிரி சுமார்ல குடிக்கணும். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து கொஞ்ச நேரம் வெளிய வச்சிடு, கிளாஸையும் ஃப்ரீஸர்ல வைக்காத.

டிசம்பர்ல பெங்களூர் வழியாத்தான் ஊருக்கு வர்றோம், டிக்கெட் போட்டாச்சு. செக்-இன் பெட்டில ரெண்டு பாட்டில் துணில சுத்தி எடுத்துட்டு வர்றேன், அதுக்குள்ள அங்க எங்கயாவது ஓட்ஸ் ஸ்டவுட் காய்ச்சுறாங்களான்னு விசாரிச்சு வை, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் குடிச்சுப் பாப்போம். அம்மாவ கேட்டதா சொல்லு.

உன்
ரவி