போஸ்டர் சொல்வதை டீ மெஷினும் கேட்கட்டும்: கேன்டீன் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கேன்டீன் கமிட்டித் தலைவர், உறுப்பினர்கள், மனிதவளத் துறை அலுவலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் சி ஷிஃப்டுக்கு வந்த மூத்த ஆபரேட்டர் ஒருவரின் ஃபிளாஸ்க்கை மெயின் கேட்டில் வாங்கி வைத்துக்கொண்டது உங்களுக்குத் தெரியும். ரிஜிஸ்டரில் எழுதி, கையெழுத்து வாங்கி, காலையில் வீட்டுக்குப் போகும்போதுதான் திருப்பிக் கொடுத்தார்கள். உள்ளே இருந்தது சர்க்கரை போடாத டீ. வெளியிலிருந்து உணவோ பானமோ கொண்டுவரக் கூடாது என்பது விதி. செக்யூரிட்டி தன் வேலையைச் செய்தார், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இருபது வருடத்துக்கு மேல் இங்கே வேலை செய்யும் ஒரு மனிதர் வீட்டிலிருந்து டீ தூக்கிக்கொண்டு வர வேண்டிய நிலைமை ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷாப் ஃப்ளோரில் இருக்கும் டீ மெஷின்களில் ஒரு பொத்தானாவது சர்க்கரை இல்லாத டீயைத் தர வேண்டும். இனிப்பு வேண்டியவர்களுக்குச் சர்க்கரையைப் பக்கத்தில் தனியாக வையுங்கள். அவ்வளவுதான்.

இப்போது மெஷினில் டீ, காபி, ஏலக்காய் டீ, பாதாம் பால், வெந்நீர் என்று ஐந்து பொத்தான்கள் இருக்கின்றன. வெந்நீரைத் தவிர எதை அழுத்தினாலும் சர்க்கரையோடுதான் வரும். பொடியிலேயே கலந்து வருவதால் 'சர்க்கரை கம்மியா' என்று கேட்க அங்கே ஆளும் இல்லை, வழியும் இல்லை. பொடிப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். எது எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது லேபிள் விதி. நம் டீப் பொடியில் முதலில் இருப்பது சர்க்கரை, அடுத்தது பால் பவுடர், டீ அதற்கும் பின்னால்தான் வருகிறது.

அதே மெஷினுக்கு நேர் மேலே ஒரு போஸ்டர். உலகக் கல்லீரல் நாளான ஏப்ரல் 19 அன்று நீங்கள் ஒட்டியது. 2025இல் அந்த நாளுக்கான முழக்கமே 'உணவே மருந்து' என்பதுதான். நம் போஸ்டரிலும் அது பெரிய எழுத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே 'சர்க்கரையைக் குறைப்போம், கல்லீரலைக் காப்போம்'. சரி, குறைக்கிறோம். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

வருடாந்திர மெடிக்கல் செக்கப்பில் எத்தனை பேருக்கு 'ஃபேட்டி லிவர், கிரேடு 1', அதாவது கல்லீரலில் கொழுப்பு, ஆரம்ப நிலை என்று எழுதி வந்தது என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், பட்டியல் உங்களிடம்தான் இருக்கிறது. நம் தொழிற்சாலைக்கு மட்டும் வந்த வினோதமும் இல்லை இது. ஐதராபாத்தில் 345 ஐடி ஊழியர்களைப் பரிசோதித்ததில் 84 சதவீதம் பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருந்தது என்று 2025இல் ஓர் ஆய்வு வந்தது. மக்களவையில் சுகாதார அமைச்சரே அதை எடுத்துச் சொன்னார். ஒன்றிய அரசு 2021இலேயே இந்த நோயைத் தொற்றாநோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்துவிட்டது.

ஃபிளாஸ்க்கைப் பறிகொடுத்த அண்ணனுக்கும் அந்த கிரேடு வந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி அடிப்பீங்களா?" அவர் வாழ்க்கையில் தொட்டதே இல்லை. இல்லை என்று சொன்னதை டாக்டர் நம்பியதாகவும் தெரியவில்லை. லைனில் கூட வேலை செய்கிறவர்களும் "என்னண்ணே, ரகசியமா சாப்பிடுறீங்களா?" என்று இன்னும் கிண்டல் செய்கிறார்கள். கல்லீரல் என்றாலே சாராயம் என்றுதான் நம் ஊரில் நினைப்பு. அவர் ஆள் குண்டும் இல்லை. உயரம் 165 சென்டிமீட்டர், எடை 68 கிலோ. பார்வைக்கு ஒல்லிதான், வயிறு மட்டும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கும். ஆனால் நம்மைப் போன்ற ஆசிய உடம்புக்கான கணக்கில் பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு, 23ஐத் தாண்டினாலே அதிக எடை, அவருக்கு 25. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறார்கள். அவர் அதையும் தாண்டிவிட்டார்.

டாக்டர் எண்ணெயைக் குறைக்கச் சொன்னார். அண்ணன் வடையை விட்டார், பூரியை விட்டார், கேன்டீன் பஜ்ஜி பக்கம் திரும்புவதே இல்லை. டீயை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அங்கேதான் சிக்கல். நாம் போடும் வெள்ளைச் சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். குளுக்கோஸைத் தசை, மூளை எல்லாம் பங்கு போட்டுக்கொள்ளும். ஃப்ரக்டோஸின் பெரும்பகுதி கல்லீரலுக்கே போகிறது. தேவைக்கு மேல் வருவதைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். ஒரு சொட்டு எண்ணெய் தொடாதவருக்கும் கல்லீரலில் கொழுப்பு சேர்வது இப்படித்தான். கல்லீரலில் கொழுப்பு 5 சதவீதத்தைத் தாண்டினால் அதை நோய் என்கிறார்கள். பலருக்கு அதோடு நின்றுவிடும். சிலருக்கு வீக்கம், தழும்பு, கடைசியில் கல்லீரலே தழும்பேறிச் சுருங்கும் சிரோசிஸ் என்று போகும். எது எங்கே போகும் என்று வலி வந்து சொல்லாது.

போன கமிட்டிக் கூட்டத்தில் ஒருவர் 'நாட்டுச் சர்க்கரை டீ போடலாமே' என்று யோசனை சொன்னாராம். நல்ல எண்ணம்தான், நன்றி. ஆனால் வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் பெரும்பாலும் அதே சர்க்கரைதான். நிறம் மாறுவது கல்லீரலுக்குத் தெரியாது.

இப்போது இரவு ஷிஃப்டுக்கு வாருங்கள். ஒருவேளை நீங்கள் வந்து பார்த்ததில்லை என்றால், மணி மூன்றுக்கு மேல், தகட்டை மெஷினில் அழுத்தி வடிவமைக்கும் எங்கள் பிரஸ் ஷாப்பில் நின்று பாருங்கள். அந்த நேரத்தில் கண் சொருகினால் கை போய்விடும். எங்களுக்கு டீ ருசிக்கல்ல, விழித்திருக்கத்தான். ஒரு ஷிஃப்டில் நான்கு கப் சாதாரணம். ஒரு கப்பில் எட்டு கிராம் சர்க்கரை என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் 32 கிராம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வீட்டில் போய் ஒரு வாய் சாப்பிடுவதற்கு முன்பே அந்த வரம்பு முடிந்துவிட்டது.

அண்ணன் முதலில் வெந்நீர் குடித்துப் பார்த்தார். வெந்நீருக்குத் தூக்கம் போகுமா? அப்புறம் டீ பேக் வாங்கிவந்து அந்த வெந்நீரில் போட்டுக் குடித்தார். அதுவும் வெளிப் பொருள்தான், லாக்கரில் வை என்று சொல்லிவிட்டார்கள். லாக்கர் ரூம் இருப்பது இன்னொரு கோடியில், பிரேக்கோ பத்து நிமிடம். கடைசி வழியாகத்தான் ஃபிளாஸ்க். அது என்ன ஆனது என்று மேலே சொல்லிவிட்டேன். மறுநாள் இரவிலிருந்து அவர் மறுபடியும் மெஷின் டீயையே குடிக்கிறார். "விடுப்பா, இன்னும் எத்தனை வருஷம் சர்வீஸ்" என்கிறார். எனக்கு விட மனம் வரவில்லை.

டீயையோ காபியையோ நிறுத்தச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. காபி குடிக்கிறவர்களுக்குக் கல்லீரலில் தழும்பு விழுவது குறைவு என்று பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. கெடுப்பது கூடவே வரும் சர்க்கரைதான், அதைப் பிரித்து வையுங்கள் என்கிறோம்.

இது முடியாத காரியம் என்றால் பேசாமல் இருந்துவிடுவேன். இதே காம்பவுண்டுக்குள் அட்மின் பிளாக் இரண்டாம் மாடியில் ஒரு மெஷின் இருக்கிறது. அதில் வெறும் டிக்காஷன் வரும், பால் தனியாக வரும், சர்க்கரை சின்னச் சின்னப் பொட்டலமாகத் தட்டில் இருக்கும். கிரீன் டீகூட உண்டு. கல்லீரலில் கிரேடு 1, கிரேடு 2 என்று இருப்பது டாக்டர் சொல்லித் தெரியும். ஸ்டாஃப் கிரேடு, ஒர்க்கர் கிரேடு என்றும் ஒன்று இருப்பது அந்த மாடிக்கு ஒரு ஃபைல் கொண்டுபோனபோதுதான் தெரிந்தது.

போன மாதம் 'தினமும் பத்தாயிரம் காலடி' போட்டி ஒன்று வைத்தீர்கள். போன் ஆப்பில் எண்ணிக்கை காட்ட வேண்டும், ஜெயித்தவருக்குப் பரிசு. ஷாப் ஃப்ளோருக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதும் உங்கள் விதிதான். எட்டு மணி நேரம் நின்றும் நடந்தும் வேலை செய்கிறவனின் காலடியை எண்ண ஆளில்லை, நாற்காலியில் இருந்தவர்கள் பரிசு வாங்கினார்கள். மதியச் சாப்பாட்டிலும் சோறும் உருளைக்கிழங்கும் அப்பளமும் அளவில்லாமல் கிடைக்கும். கீரையும் சுண்டலும் வாரத்தில் ஒரு நாள், அதுவும் முதல் பந்திக்குத்தான். மாதச் சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்பிவிட்டு, கேன்டீன் சோற்றை ஒரே முழுச் சாப்பாடாக நம்பி இருக்கும் காண்ட்ராக்ட் தம்பிகளிடம் போய்ச் 'சோறு குறைத்துச் சாப்பிடு' என்று யார் சொல்வது? குழம்போடு ஒரு முட்டையோ ஒரு கரண்டி பயறோ கூடுதலாகக் கொடுத்தால் அவர்களே சோற்றைக் குறைத்துக்கொள்வார்கள்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். சாப்பாட்டு விஷயத்தை இன்னொரு நாள் பேசுவோம். இப்போது கேட்பது ஒரு பொத்தான்.

அதைச் செய்வது எளிது. இந்த வகை மெஷினில் ஒவ்வொரு பொத்தானுக்கும் உள்ளே தனி டப்பா இருக்கிறது. சர்க்கரை கலக்காத டீப் பொடியும் சந்தையில் கிடைக்கிறது. பாதாம் பால் டப்பாவில் அதைக் கொட்டினால் வேலை முடிந்தது. பாதாம் பாலை யாராவது தேடினால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். காண்ட்ராக்டர் விலை கூடும் என்பார். சர்க்கரை இல்லாத பொடி கிலோவுக்கு விலை கூடுதலாக இருக்கலாம், ஆனால் ஒரு கப்புக்குப் போடும் அளவு குறையும். இதையும் அவரிடம் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இதனால் என்ன பெரிதாக மாறிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். இந்த நோயின் ஆரம்பக் கட்டத்துக்கு முதல் வைத்தியம் எடையைக் குறைப்பதுதான். உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும், 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் வீக்கமும் தணியும் என்கிறார்கள். அண்ணனுக்கு 5 சதவீதம் என்பது மூன்றரைக் கிலோகூட இல்லை. அதையும் பட்டினி கிடந்து சடசடவென்று இறக்கக் கூடாது, கல்லீரலுக்கு அதுவே கெடுதலாகலாம். மெதுவாக, தினமும் போகும் வழியில்தான் குறைய வேண்டும். அவர் தினமும் போகும் வழியில் உங்கள் மெஷின் நிற்கிறது. இன்னொரு பக்கம் கீழாநெல்லியை அரைத்துக் குடி, இந்த டானிக்கை வாங்கு, ஒரே வாரத்தில் கல்லீரல் சுத்தம் என்று வாட்ஸ்அப்பில் வரும் வைத்தியத்துக்குக் குறைவில்லை. ஆயிரக்கணக்கில் அதற்குச் செலவழித்தவர்கள் எங்கள் லைனிலேயே இருக்கிறார்கள்.

1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேன்டீன் பற்றிப் பேசும்போதே, அதை நடத்தும் கமிட்டியில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் இடம் சொன்னது. நம் கமிட்டியிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த கூட்டத்தில் தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் எந்தக் கடையில் வாங்குவது என்று பேசத் தொடங்கும் முன் இதை எடுத்துவிடுங்கள்.

நிர்வாகத்திடமும் பணிவோடு கேட்கிறேன். எல்லா ஷாப்பிலும் ஒரே நாளில் மாற்ற முடியாது என்றால் பிரஸ் ஷாப் மெஷினில் மட்டும் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். எத்தனை கப் போகிறது என்பதை மெஷினே எண்ணிச் சொல்லும். அதுவரை, மருத்துவர் சீட்டு வைத்திருப்பவர்கள் சர்க்கரை போடாத டீயை ஃபிளாஸ்க்கில் கொண்டுவரலாம் என்று மெயின் கேட்டுக்கு எழுத்தில் ஓர் அனுமதி கொடுங்கள். இந்த மடலின் நகலை ஷிஃப்ட் இன்சார்ஜிடமும் கொடுத்திருக்கிறேன். பதிலை நோட்டீஸ் போர்டில் போட்டால் போதும்.

இப்படிக்கு,
பிரஸ் ஷாப், சி ஷிஃப்ட் தொழிலாளி ஒருவன்