சத்தத்தைப் பிடிக்கிறார்கள், பட்டையை யாரும் பார்ப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புல்லட் சைலன்சர்களை வரிசையாகத் தரையில் அடுக்கி, மேலே ரோடு ரோலரை ஏற்றி நசுக்கும் படம் தங்கள் நாளிதழில் வந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு வாசகர் ஒருவர், "இவற்றை மாட்டிவிடும் மெக்கானிக்குகளின் கடைகளுக்கும் சீல் வைக்க வேண்டும்" என்று கடிதம் எழுதியிருக்கிறார். வத்தலக்குண்டில் இரு சக்கர வாகனப் பட்டறை நடத்துகிறவன் நான். அவர் சொன்னதில் பாதிக்கு எனக்குச் சம்மதம், மீதிக்கு இல்லை.

சம்மதமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். 175 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள், கம்பெனியிலிருந்து வரும்போது 80 டெசிபலுக்கு மேல் சத்தம் எழுப்பக் கூடாது என்பது விதி. கம்பெனி அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. இரைச்சல் வரம்பை மீறினால் 190-வது பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் போடலாம், மூன்று மாதம் வரை உள்ளேயும் வைக்கலாம். இதெல்லாம் இருக்க வேண்டியதுதான். இந்தூரி, மெகாபோன், பஞ்சாப் என்று பெயர் சொல்லிக் கேட்டு வருகிற பையன்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். உள்ளே தடுப்பே இல்லாத வெறும் குழாயை என் பட்டறையில் மாட்டுவதில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் வெடி போட்டுக்கொண்டு போகிறவனுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதும் இல்லை.

ஆனால் சைலன்சர் மாற்றுகிறவர்கள் எல்லாரும் சத்தத்துக்காக மாற்றுகிறார்கள் என்று அந்த வாசகர் நினைக்கிறார். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பழைய சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையாகிப்போனவர்கள். பெட்ரோல் எரிந்தால் தண்ணீரும் உண்டாகும். வீட்டிலிருந்து கடைத்தெரு வரை மட்டும் ஓட்டுகிற வண்டியில் அந்தத் தண்ணீர் ஆவியாகிற அளவுக்கு சைலன்சர் சூடேறாது. உள்ளேயே தங்கி, அடிப்பக்கத்தைத் தின்றுவிடும். வெளியே குரோம் பளபளப்பாக இருக்கும், விரலால் அழுத்தினால் உள்ளே போகும். கம்பெனி சைலன்சர் விலையைக் கேட்டுவிட்டு, அதே உருவத்தில், அதே அளவு சத்தத்தில், பாதி விலைக்குக் கிடைப்பதை வாங்கி மாட்டுகிற ரிட்டையர்டு வாத்தியாரும் இருக்கிறார், பால்காரரும் இருக்கிறார். சட்டப்படி இது சரியா என்பதை அதிகாரிகள் சொல்லட்டும். நான் சொல்ல வந்தது வேறு. சத்தமே போடாத இந்த சைலன்சர்கள்தான் ரோட்டில் கழன்று விழுகின்றன. காரணம் சைலன்சர் இல்லை, அதைத் தாங்குகிற பட்டை.

போன சீசனில் கொடைக்கானலிலிருந்து இறங்கி வந்த ஒரு தம்பியின் வண்டி, பழைய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. டம் டம் பாறை தாண்டியதும் பின்னால் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டிருக்கிறது. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி இறங்கிப் பார்த்தால் சைலன்சர் ஒரு பக்கமாகத் தொங்குகிறது. துண்டால் கட்டிக்கொண்டு, அடிவாரத்துக் காமக்காபட்டி வரை முதல் கியரிலேயே உருட்டி வந்து சேர்ந்தார்கள். துண்டு கருகிப்போயிருந்தது.

"யாரு தம்பி இதை மாட்டினது?"

"சைலன்சர் வாங்கின கடையிலயேண்ணே. ஃபிட்டிங் ஃப்ரீன்னாங்க."

பட்டையைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தேன். மூன்று மில்லிமீட்டர் கூட இல்லாத தகடு. சுத்தியலால் அடித்து மடக்கிய மடிப்பில்தான் முறிந்திருந்தது. முறிந்த முகத்தில் பாதிக்கு மேல் துருவேறிக் கறுத்திருந்தது, ஓரத்தில் ஒரு விரற்கடை அளவு மட்டும் புதுசாகப் பளிச்சென்று மின்னியது. அன்றைக்கு மலையில் உடைந்தது அந்த விரற்கடைதான். மீதி பல மாதங்களுக்கு முன்பே விட்டுப்போய், அப்படியே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. போல்ட் ஓட்டையோ பாம்படம் போட்ட கிழவியின் காது மாதிரி நீண்டு தொங்கியது. பின்பக்கத் தாங்கல் போனதும் சைலன்சரின் முழுக் கனமும், எஞ்சினிலிருந்து சைலன்சருக்கு வருகிற வளைந்த குழாயான பெண்ட் பைப்பில் இறங்கிவிட்டது. எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டில் பெண்ட் பைப்பைப் பிடிக்கிற, ஸ்டட் என்கிற மரைக் கம்பி இரண்டில் ஒன்று முறிந்திருந்தது, இன்னொன்று அலுமினிய மரையைப் பிய்த்துக்கொண்டு கையோடு வந்தது. ஒரு துண்டுப் பட்டையில் மிச்சம் பிடித்த காசுக்கு ஹெட்டையே இறக்கி, துளை போட்டு, புது மரை வைக்கிற வேலை.

பட்டை என்பது ரெண்டு ஓட்டை போட்ட இரும்புத் துண்டு, அதில் என்ன இருக்கிறது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். எஞ்சின் சூடேறும்போது குழாய் நீளும். ஒரு மீட்டர் இரும்புக் குழாய் 300 டிகிரி கூடுதலாகச் சூடானால் மூன்றரை மில்லிமீட்டர் நீளும். ஆறினால் சுருங்கும். ஒவ்வொரு தடவை வண்டியை எடுத்து நிறுத்தும்போதும் இது நடக்கிறது. இந்த இழுப்புக்கு இடம் கொடுக்கத்தான் கம்பெனிக்காரன் பல வண்டிகளில் பின் தாங்கலில் ரப்பர் புஷ் வைக்கிறான். அந்த ரப்பருக்குள் ஒரு சின்ன இரும்புக் குழல் இருக்கும். போல்ட் அந்தக் குழலைத்தான் இறுக்க வேண்டும். மலிவு செட்டில் குழலே வராது. இறுக்க இறுக்க ரப்பர் பிதுங்கும், கொஞ்ச நாளில் நைந்து உதிரும், அதற்கப்புறம் இரும்பும் இரும்பும் மோதும். இதோடு பழைய 346 சிசி எஞ்சினின் அதிர்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021-ல் கிளாசிக்கில் வந்த புது எஞ்சினில் அதிர்வை அடக்குகிற பேலன்சர் ஷாஃப்ட் இருப்பதால் உதறல் குறைவு. பழைய வண்டி அப்படியில்லை, தளர்ந்த நட்டு எதுவாக இருந்தாலும் கண்டுபிடித்துக் கழற்றிவிடும்.

மாட்டுகிற முறையையும் சொல்கிறேன், நாளைக்கு உங்கள் வண்டிக்கு ஒருவன் மாட்டும்போது பக்கத்தில் நின்று பார்க்கலாம். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்த வேண்டும். ஹெட்டில் புது பேக்கிங் வைத்து பெண்ட் பைப்பைப் பொருத்தி, நட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றி விட வேண்டும். சைலன்சரைச் செருகி கிளாம்ப்பைத் தளர்வாகப் போட வேண்டும். இப்போது பின்பட்டையின் போல்ட்டைத் தள்ளிப் பார்த்தால், ரெண்டு விரலில் வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். போகவில்லை என்றால் பட்டை தப்பு. இந்த இடத்தில்தான் பெரிய ஸ்க்ரூ டிரைவரை ஓட்டையில் விட்டு நெம்பி, "வந்திருச்சு பாருங்க" என்பான். வந்தது போல்ட் மட்டும்தான். நெம்பிய விசை அப்படியே பட்டைக்குள் நின்றுவிடும், ராத்திரி வண்டி சும்மா நிற்கும்போதும் ஹெட்டை இழுத்துக்கொண்டிருக்கும். பட்டைக்கும் சைலன்சர் காதுக்கும் நடுவே சந்து இருந்தால் அந்தக் கனத்துக்கு வாஷர் போட வேண்டும். போல்ட்டை இறுக்கியே சந்தை மூடக் கூடாது.

எல்லாம் தானாக உட்கார்ந்த பிறகுதான் ஸ்பானரைத் தொட வேண்டும். முதலில் ஹெட் நட்டு ரெண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக, அப்புறம் கிளாம்ப், கடைசியில் பின்பட்டை. பின்பட்டையை முதலில் இறுக்கிவிட்டு முன்னே வருகிறவனிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். சூடேறுகிற வரை ஓடவிட்டு, நன்றாக ஆறிய பிறகு எல்லாவற்றையும் இன்னொரு தடவை இறுக்கிப் பார்க்க வேண்டும். நைலான் வளையம் வைத்த நட்டைக் குழாய்க்குப் பக்கத்தில் போடக் கூடாது, சூட்டில் நைலான் இளகிவிடும். முழு இரும்பு லாக் நட்டு கிடைக்கிறது, விலையும் அப்படியொன்றும் அதிகமில்லை.

பட்டை பொருந்தவில்லை என்றால் புதுசாகச் செய்வதுதான் வழி. ஐந்து மில்லிமீட்டர் பட்டை எடுத்து, மடிப்பைக் கூராக விடாமல் உருட்டி வளைக்க வேண்டும். மடிப்பின் முதுகில் குறுக்கே ஒரு கிரைண்டர் கோடு விழுந்தால்கூடப் போதும், நாளைக்கு விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். வெல்டிங் என்றால் வண்டியில் வைத்து ரெண்டு பொட்டு மட்டும் வைத்துவிட்டு, கழற்றி வெளியே வைத்து முழுசாக அடிக்க வேண்டும். அந்த ரெண்டு பொட்டுக்கும் பேட்டரி எர்த்தைக் கழற்ற வேண்டும், வண்டியின் கம்ப்யூட்டரான இசியுவின் கப்ளரையும் கழற்றிவிடுவது நல்லது. கழற்றாமல் அடித்து, வண்டி ஸ்டார்ட் ஆகாமல் தள்ளிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகளில் இன்னொரு வினையும் உண்டு. குழாயில், புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லுகிற ஆக்ஸிஜன் சென்சார் இருக்கிறது. பட்டை கோணலாகி, சென்சாருக்கு முன்னால் இருக்கிற ஜாயின்ட் மயிரிழை திறந்தாலும் வெளிக்காற்று உள்ளே போகும். பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து கம்ப்யூட்டர் கூடுதலாக ஊற்றும். மைலேஜ் குறைகிறது என்று பிளக்கையும் ஃபில்டரையும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

பின்னால் வரும் சின்னச் சின்னத் தொல்லைகளும் இருக்கின்றன. சில மாடல்களில் சென்டர் ஸ்டாண்டுக்கான முட்டு ரப்பர் கம்பெனி சைலன்சரிலேயே ஒட்டியிருக்கும். புதுசில் அது இல்லாவிட்டால் ஸ்டாண்டு மேலே ஏறி எதையாவது போய் இடிக்கும். பட்டையைக் கொஞ்சம் தாழ்த்திப் போட்டால் பின்சக்கர ஆக்ஸில் வெளியே வர வழியிருக்காது, பஞ்சர் ஒட்டுகிறவர் சைலன்சரையே கழற்ற வேண்டிவரும். அவசரத்தில் கழற்றியவர் திரும்ப எப்படி மாட்டுவார் என்று சொல்ல வேண்டியதில்லை. உயர்த்திப் போட்டாலோ பின்னால் உட்காருகிற குழந்தையின் கெண்டைக்கால் சுடும்.

அதனால் சீல் வைக்கச் சொல்லும் வாசகருக்கு என் பதில் இது. "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று அட்டையில் அச்சடித்து, ஒரே பட்டையைப் புல்லட்டுக்கும் பல்சருக்கும் சேர்த்து விற்கிறார்களே, முதலில் அங்கே போகட்டும். எந்த மாடலுக்கு விற்கிறார்களோ அந்த மாடலுக்கான பட்டை, குழல் வைத்த புஷ், போல்ட் எல்லாம் பெட்டிக்குள் இருந்தால்தான் விற்கலாம் என்று போக்குவரத்துத் துறை ஒரு உத்தரவு போடட்டும். மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தி இ-பாஸ் பார்க்கிறவர்கள், சத்தம் கேட்கிற வண்டியை மட்டும் ஓரங்கட்டாமல், சைலன்சர் எப்படித் தொங்குகிறது என்று குனிந்து ஒரு பார்வை பார்க்கட்டும். கருவி எதுவும் தேவையில்லை. கட்டுக்கம்பி போட்டுக் கட்டியிருப்பது கண்ணுக்கே தெரியும்.

சோதனையில் பிடித்த சைலன்சரை ரோட்டோரத்திலேயே சுத்தியலால் தட்டிக் கழற்றச் சொல்வதையும் நிறுத்த வேண்டும். சூடாக இருக்கும்போது தட்டினால் ஹெட் ஸ்டட்தான் போகும். அபராதம் போட்டு, இத்தனை நாளுக்குள் கம்பெனி சைலன்சரோடு வந்து காட்டு என்று எழுதிக் கொடுத்தால் போதுமே.

சீசனுக்கு மலையேறுகிற வாசகர்களுக்கும் ஒன்று. காலையில் வண்டி ஆறியிருக்கும்போது சைலன்சர் நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ரப்பர் கொஞ்சம் கொடுக்கும், அது சரி. டக்கென்று இரும்பு தட்டினால் புஷ் போய்விட்டது என்று அர்த்தம். பட்டையின் மடிப்பை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, துரு நிறத்தில் மெல்லிய கோடு ஏதாவது ஓடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் வத்தலக்குண்டிலேயே சரிசெய்துவிட்டு ஏறுங்கள். மலைமேல் ஊத்து என்கிற ஊர்ப் பக்கம் முறிந்தால் மினி வேன் பிடித்து வண்டியை ஏற்றி இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை, வேன்காரர் கேட்கிற வாடகையில் ரெண்டு சைலன்சர் வாங்கலாம்.

இப்படிக்கு,
இரு சக்கர வாகன மெக்கானிக் ஒருவர்,
வத்தலக்குண்டு, திண்டுக்கல் மாவட்டம்.