தரையிலிருந்து இரண்டடி உயரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பயண வண்டிகளைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். பெரிய கேரவன்களுக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கிய கட்டுரையாளர், காரின் பின்னால் இழுத்துச் செல்லும், கண்ணீர்த்துளி வடிவச் சிறு படுக்கை வண்டியான டியர்டிராப் டிரெய்லரை மூன்று வரிகளில் முடித்துவிட்டார். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாத படுக்கைப் பெட்டி என்றும், இளம் தம்பதிகளின் ஓரிரு நாள் ஆசைக்கு மட்டுமே பொருந்தும் என்றும் எழுதியிருந்தார். எனக்கு வயது 63. வலது முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவள். ஆறு ஆண்டுகளாக அந்தப் படுக்கைப் பெட்டியைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு நானே ஓட்டிச் செல்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

நானும் என் கணவரும் இருபது ஆண்டுகளுக்கு மேல் கூடாரத்தில் தங்கிப் பழகியவர்கள். முழங்கால் கெட்ட பிறகும் கூடாரத்தில் படுப்பதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. எழுந்திருப்பதுதான் பெரும்பாடாயிற்று. ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையை அவர் தோளில் போட்டு, ஒருக்களித்துப் புரண்டு, பிறகு மெல்ல எழ வேண்டும். ஒரு நாள் விடியலுக்கு முன் விழிப்பு வந்துவிட்டது. அவர் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனமில்லை, தனியாக எழவும் முடியவில்லை. வெளியே பறவைகள் கூவ ஆரம்பித்து, கூடாரத் துணி மெல்ல வெளுத்து, வெயில் ஏறும்வரை அப்படியே கிடந்தேன். ஊருக்குத் திரும்பியதும் கூடாரத்தை மடித்துப் பரணில் போட்டோம். இரண்டு ஆண்டுகள் எங்கும் போகவில்லை.

இந்த டிரெய்லரில் படுக்கை தரையிலிருந்து ஏறத்தாழ இரண்டடி உயரத்தில் இருக்கிறது. வீட்டுக் கட்டிலின் உயரம்தான். பக்கவாட்டுக் கதவைத் திறந்து, விளிம்பில் உட்கார்ந்து, காலை வெளியே போட்டால் பாதம் முழுதாக மண்ணில் பதிகிறது. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுகிறேன். யார் தூக்கத்தையும் கெடுக்க வேண்டியதில்லை. முதல் நாள் காலை அப்படி எழுந்து நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டுரையாளரின் மூன்று வரிகளில் இந்தக் கதவுக்கு இடமில்லாமல் போனதுதான் என் வருத்தம்.

உள்ளே நிற்க முடியாது என்பது மெய்தான். எங்கள் வண்டியின் உள்ளுயரம் நான்கடிக்குச் சற்றுக் குறைவு. ஆனால் நின்றுகொண்டு செய்ய வேண்டிய வேலை எதுவும் அதற்குள் இல்லையே! சமையலறை வண்டியின் பின்பக்கம் இருக்கிறது. சரிந்து இறங்கும் முதுகுப்பகுதி முழுவதும் ஒரே மூடி. அதைத் தூக்கினால் இரு பக்கமும் தண்டுகள் தாங்கிப் பிடிக்க, தலைக்கு மேல் ஒரு கூரையாக நின்றுவிடுகிறது. அதன் கீழ் இடுப்பளவில் ஒரு மேடை, அதன் மேல் அடுப்பு, பின்னால் பாத்திரங்களுக்கான அறைகள். திறந்த வெளியில் நிமிர்ந்து நின்று சமைக்கிறோம். தூறல் விழுந்தாலும் நனைவதில்லை. நாம் வெளியே போவது வெளியில் இருப்பதற்காகத்தான் என்பதை இந்த வண்டியை முதலில் செய்தவர்கள் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள்.

அவர்களில் பலர் தங்கள் வீட்டுக் கொட்டகையில் தாங்களே இழைத்துச் செய்தவர்கள். 1930களில் அமெரிக்காவில் இது பிறந்தது. கைவேலை இதழ்கள் அளவுகளோடு வரைபடம் வெளியிட, அவற்றைப் படித்தவர்கள் பிளைவுட் வாங்கி அறுத்துக்கொண்டார்கள். நான்கடிக்கு எட்டடி என்பது பிளைவுட் பலகையின் வழக்கமான அளவு. ஒரு பலகையில் ஒரு பக்கச் சுவர் வளைவோடு வந்துவிடும். வண்டியின் நீள உயரங்கள் அப்படி அமைந்தவை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அலுமினியத் தகடு தாராளமாகக் கிடைத்தது. மரத்தின் மேல் அது போர்வையானது. பிறகு கார்களின் வலு கூடி, பெரிய டிரெய்லர்கள் மீது ஆசை வந்தபோது இவை ஓரம் கட்டப்பட்டன. இன்று மறுபடி சாலையில் தென்படுகின்றன என்றால், சாதாரணக் கார் இழுக்கக்கூடிய எடைதான் அதற்கு முக்கியக் காரணம். எங்களுடையது பொருள்களோடு சேர்த்து 520 கிலோ. காரிலிருந்து கழற்றிவிட்டால், சமதரையில் இருவர் சேர்ந்து கையால் தள்ளிக் கொட்டகைக்குள் விட்டுவிடலாம்.

ஆனால் எடை குறைவு என்பதால் கவனமும் குறையலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். முதல் பயணத்தில், சமையலறை பின்னால்தானே இருக்கிறது என்று இருபது லிட்டர் தண்ணீர் கேன்கள் இரண்டையும் அங்கேயே அடுக்கினோம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டபோது, இறக்கமான சாலையில் டிரெய்லர் இடமும் வலமும் ஆட ஆரம்பித்தது. முதலில் லேசாக, பிறகு காரின் பின்பக்கத்தையே பிடித்து உலுக்குவதுபோல. நல்லவேளை, பிரேக்கை ஓங்கி மிதிக்கவில்லை. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். வேகம் இறங்க இறங்க ஆட்டமும் அடங்கியது. ஓரமாக நிறுத்தியபோது என் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

நான் கணித ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். காரணம் தெரியாமல் அடுத்த பயணம் போக மனம் ஒப்பவில்லை. வீட்டில் உடல் எடை பார்க்கும் தராசைக் கொண்டுவந்து தரையில் வைத்து, வண்டியைச் சமமாக நிறுத்தி, காரின் கொக்கியில் மாட்டும் முனையைப் போதிய உயரமுள்ள ஒரு மரக்கட்டை வழியாக அதன் மேல் இறக்கினேன். 28 கிலோ காட்டியது. மொத்த எடையில் ஐந்து விழுக்காடு சொச்சம். கொக்கியின் மேல் இறங்கும் எடை, டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. அது குறைந்தால் வண்டி வால் கனத்துப்போய் ஆடும். இரண்டு கேன்களையும் பின்னாலிருந்து எடுத்து, முன்பக்கம் படுக்கையின் தலைமாட்டுக்குக் கீழே உள்ள அறையில் வைத்தேன். ஏறத்தாழ ஆறடி இடமாற்றம். தராசில் 58 வந்தது. பதினொரு விழுக்காடு! சீசா பலகையை வைத்து எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் நடத்திய பாடம்தான் அது. அதன் பிறகு இந்த ஆறு ஆண்டுகளில் வண்டி ஒரு முறைகூட ஆடியதில்லை. இருந்தாலும் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் தராசைத் தவறாமல் கொண்டுவருகிறேன்.

இன்னொன்றையும் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது; உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இத்தனை சிறிய அறைக்குள் மூன்று கன மீட்டர் அளவுக்குத்தான் காற்று இருக்கும். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்துவிட்டு உள்ளே அடுப்போ கணப்போ கரியோ எரியவிடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். அந்த வாயுவைக் கண்டறிந்து அலறும் சிறு கருவி ஒன்று எங்கள் தலைமாட்டில் எப்போதும் இருக்கிறது. அடுப்பு, பின்மூடியைத் திறந்த பிறகு வெளியில் மட்டுமே எரியும்.

குளிரோ மழையோ, கூரைத் திறப்பை ஒரு விரற்கடையாவது திறந்துவைத்துத்தான் படுக்கிறோம். இருவர் ஓர் இரவு முழுவதும் விடும் மூச்சில் அரை லிட்டர் அளவுக்கு நீர் இருக்கிறது. அது போக வழியில்லாவிட்டால் சுவரிலும் கண்ணாடியிலும் முத்து முத்தாகக் கோர்த்துவிடும். தொடக்கத்தில் இதை அறியாமல் நாலு நாள் அடைத்துப் படுத்தோம். வீட்டுக்கு வந்து மெத்தையைத் தூக்கினால் அடியில் பலகை கறுத்து, தொட்டால் சில்லென்று ஈரம். இப்போது மெத்தைக்குக் கீழே இடைவெளி விட்டு மரச்சட்டங்கள் போட்டிருக்கிறோம். ஈரக் காற்றை வெளியே தள்ளும் கூரை மின்விசிறி குறைந்த வேகத்தில் ஒரு ஆம்பியருக்கும் குறைவாகவே எடுக்கிறது. 100 ஆம்பியர்-மணி, அதாவது ஒரு ஆம்பியர் வீதம் நூறு மணி நேரம் தரக்கூடிய பேட்டரியில் இரவு முழுவதும் ஓடினால்கூடப் பத்தில் ஒரு பங்குதான் செலவாகும்.

குறைகள் இல்லாமல் இல்லை. நாள் முழுக்க மழை பிடித்துக்கொண்டால் இருவரும் படுக்கையிலேயே சாய்ந்து கிடக்க வேண்டும். பேச்சுத் துணை பிடித்தமானதாக இருக்க வேண்டும். கழிப்பறை கிடையாது, அந்த வசதி உள்ள முகாம் இடமாகப் பார்த்துத்தான் போகிறோம். ரிவர்ஸ் எடுக்கும்போது நீளமான டிரெய்லரைவிட இந்தக் குட்டை வண்டி சட்டென்று மடங்கிக்கொள்ளும். ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியில் கையை வைத்து, வண்டியின் பின்பக்கம் எந்தத் திசையில் போக வேண்டுமோ அந்தத் திசையில் கையைக் கொஞ்சமாக நகர்த்தினால் போதும். காலியான மைதானத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பழகினேன், வந்துவிட்டது. சிறு குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு இது போதாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

முழங்கால் வலியால், இடுப்பு வலியால் வெளியில் தங்குவதையே விட்டுவிட்டவர்கள் உங்கள் வாசகர்களில் நிறையப் பேர் இருப்பார்கள். அந்த மூன்று வரிகளைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்பார்கள். அவர்களுக்காக இதை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வாங்க நினைப்பவர்கள் முதலில் தங்கள் காரின் கையேட்டில் எவ்வளவு எடையை இழுக்கலாம் என்று போட்டிருக்கிறது என்பதைப் பார்க்கட்டும். பிறகு வண்டி நிற்கும் இடத்துக்கே போய், செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்து, யார் கையையும் பிடிக்காமல் மூன்று முறை எழுந்து இறங்கிப் பார்க்கட்டும். கரடுமுரடான பாதைக்கென்று பெரிய சக்கரம் வைத்த வண்டிகளில் படுக்கை இன்னும் உயரமாக இருக்கும். உட்கார்ந்தால் கால் தொங்கும். பாதம் தரையில் பதியும் வண்டியைத்தான் எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை, தங்கள் நெடுநாள் வாசகி