சுட்டுத்துண்டு (விபரச் சீட்டு) இல்லாத மெலிவு மாத்திரைகளைத் தடைசெய்யக் கோரும் மீள் மனு

திகதி: 16.06.2025

சுகாதார வைத்திய அதிகாரி அவர்கட்கு,
யாழ் மாவட்டம்.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: பலாலி வீதிச் சந்தி மாடிக் கட்டடத்தில் இயங்கும் உடல் மெலிவு நிலையத்தைப் பரிசோதிக்குமாறு கோரல் (முன்னைய முறைப்பாடுகளின் தொடர்ச்சி)

எமது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சார்பிலும், பாதிக்கப்பட்ட பிள்ளையொன்றின் தாய் என்ற முறையிலும் இம்மனுவைப் பணிவுடன் சமர்ப்பிக்கின்றேன். இதே விடயம் குறித்து மாசி மாதத்தில் பதிவுத்தபாலில் அனுப்பிய கடிதமும், அதன்பின் நேரில் கையளித்த முறைப்பாடும் தங்கள் அலுவலகத்துக்குக் கிடைத்துள்ளன. கிடைத்ததற்கான இறப்பர் முத்திரை எமது பிரதியில் இருக்கின்றது, பதில்தான் இல்லை.

இடத்தைத் தங்களுக்கு விளக்கத் தேவையில்லை. மருந்துக்கடைக்கும் தொலைபேசி திருத்தும் கடைக்கும் நடுவே ஏறும் ஒடுங்கிய படி அது. தாய்சேய் கிளினிக் நாட்களில் தங்கள் வாகனம் அந்தப் படியின் முன்னால்தான் திரும்புகின்றது. சுற்றியுள்ள ரியூசன் கொட்டில்களுக்கு வரும் பெண்பிள்ளைகள் சைக்கிள் நிறுத்துவதும் அதே இடத்தில்தான் என்பதைத் தாங்கள் காணாதிருக்க முடியாது.

1. அங்கு பணம் கட்டிச் சேரும் பிள்ளைக்கு ஒரு மாதத்துக்குரிய தேநீர்ப் பொதிகளும், வெள்ளை டப்பியில் மாத்திரைகளும் 14,500 ரூபாவுக்குக் கொடுக்கப்படுகின்றன. டப்பியில் தயாரித்தவர் பெயரோ, தொகுதி இலக்கமோ, உள்ளடக்கமோ, காலாவதித் திகதியோ இல்லை. "முழுவதும் மூலிகை" என்ற ஒட்டுத்தாள் மட்டுமே உண்டு. சேர்ந்தவர்கள் ஒரு வட்ஸ்அப் குழுவில் இணைக்கப்பட்டு, விடிய எழும்பியதும் தராசில் ஏறி, அது காட்டும் இலக்கத்தைப் படமெடுத்துக் குழுவில் இட வேண்டும். இலக்கம் இறங்காத பிள்ளைக்கு அத்தனை பேர் முன்னிலையிலும் ஏச்சு விழும்.

2. தேநீரில் நிலாவாரை சேர்க்கப்படுவதை அங்குள்ளவர்கள் மறுக்கவில்லை. நிலாவாரை எங்களுக்குப் புதிய சரக்கல்ல. மலச்சிக்கலுக்குப் பரியாரிமார் அளவறிந்து சில நாட்களுக்குக் கொடுத்துவந்ததுதான். அது வேலை செய்வது பெருங்குடலில். உண்ட உணவின் சத்தோ பெரும்பாலும் அதற்கு முன்னரே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடுகின்றது. ஆகவே நாள்தோறும் வயிற்றால் போகச் செய்து குறைப்பது கொழுப்பையன்று, உடம்பின் நீரையும் அதனோடு கழியும் பொற்றாசியம் முதலிய உப்புக்களையுமே. தண்ணீர் குடித்ததும் நிறை திரும்பிவிடும். திரும்பியதைக் கண்டு பயந்த பிள்ளை அடுத்த பொதியைப் பிரிக்கும். மாத்திரையில் என்ன இருக்கின்றது என்பதை ஆய்வுகூடம்தான் சொல்ல வேண்டும். ஆனால் மாரடைப்பு, பக்கவாத அபாயங்களினால் 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து நீக்கப்பட்ட சிபுட்ரமின் என்னும் பசியடக்கி மருந்து, அதன் பின்னரும் "மூலிகை" என்று விற்கப்பட்ட மெலிவு மாத்திரைகளில் பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளமை தாங்கள் அறியாததல்ல.

3. என் மகளைப் பற்றி முன்னைய கடிதத்தில் இரண்டு வரியில் எழுதியிருந்தேன். இரண்டு வரி போதவில்லைப் போலும், ஆகவே இம்முறை விரிவாக எழுதுகின்றேன். அவள் உயர்தரத்தில் உயிரியல் படிப்பவள். பெருங்குடலைப் புத்தகம் பாராமல் வரைந்து பெயர் குறிக்கத் தெரிந்தவள். சென்ற ஐப்பசியில் கந்தசஷ்டி ஆறு நாளும் இளநீரோடு இருந்தாள். சூரன்போர் முடிந்து பாரணை பண்ணிய பின்பும் அவளுடைய விரதம் முடியவில்லை; வெள்ளி, சதுர்த்தி, பிரதோஷம் என்று சாப்பிடாதிருக்க ஒவ்வொரு நாளுக்கும் ஒரு காரணம் இருந்தது. உண்ணாத பிள்ளையைக் கோயிலடியில் மெச்சாதவர் இல்லை. விடிய ரியூசன், பகல் பள்ளிக்கூடம், பின்னேரம் மறுபடி ரியூசன் என்று ஓடும் பிள்ளை எங்கே எதைச் சாப்பிட்டது என்பதை எந்தத் தாயால் கண்காணிக்க முடியும்?

தை மாதத்தில் தலை வாரும்போது மயிர் கற்றையாகச் சீப்போடு வந்தது. நண்பகல் வெயிலிலும் குளிர்கின்றது என்று தடித்த சட்டை போட்டாள். மாதவிலக்கு நின்று மூன்று மாதமாவதைத் தமக்கையிடம் மட்டும் சொல்லியிருந்தாள். பிறகு ஒரு நாள் கிணற்றடியில் விழுந்தாள். பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டோவில் கொண்டு சென்றபோது இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 44. குருதியில் பொற்றாசியம் குறைந்தது 3.5 இருக்க வேண்டுமாம், அவளுக்கு 2.3. அந்த அளவில் இதயம் எந்நேரமும் தாளம் தவறி நின்றுவிடக்கூடும் என்று வைத்தியர் ஈ.சி.ஜி. தாளை விரித்து விரலால் தொட்டுக் காட்டினார். வீட்டில் இரசாயனவியல் கொப்பிகளுக்குப் பின்னாலிருந்து அந்த வெள்ளை டப்பியை எடுத்து வந்து காட்டினோம். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் வாசிக்க ஒன்றும் இல்லையே, அம்மா" என்றார்.

என் தாயார் உழுத்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் விட்டு, விடுதிக்குக் கொண்டு வந்தார். பேத்தி பெரியபிள்ளையானபோது அவர் கையால் ஊட்டிய அதே களி. தாதி அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். நீண்ட நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு மாச்சத்தை ஒரேயடியாகக் கொடுத்தால் இன்சுலின் ஏறி, குருதியிலுள்ள பொஸ்பேற்றும் பொற்றாசியமும் மக்னீசியமும் உடம்பின் கலங்களுக்குள் (செல்களுக்குள்) இழுக்கப்பட்டு, மூச்சும் இதயமும் தடுமாறும் என்று பிறகு விளக்கினார்கள். இரண்டாம் உலகப் போரின் முடிவில் முகாம்களிலிருந்து மீட்கப்பட்ட கைதிகளுள் உணவு கொடுத்த பின்னர் இறந்தவர்கள் உண்டாம். ஆகவே உயிர்ச்சத்து பி1 முதலில் ஏற்றி, நாளுக்கு நாள் குருதி சோதித்து, சிறிது சிறிதாகவே உணவு கூட்டினார்கள். நிறைந்த சட்டியோடு கட்டிலருகே வந்த கிழவி, பேத்திக்கு ஒரு வாய் கொடுக்க முடியாமல் நின்றார். ஐயா, போர்க்காலத்தில் பொருளாதாரத் தடைக்குள்ளும் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சிய கைகள் அவை. சோறு இருக்கும் வீட்டில் பிள்ளை பட்டினியால் விழுந்தது என்பதை அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

அவள் இப்போது வீட்டில் இருக்கின்றாள். உயிர் மிஞ்சியது, ஆனால் கணக்கு முடியவில்லை. எலும்பில் கல்சியம் சேரும் வயது இதுதான்; மாதவிலக்கு நின்று, உணவும் இன்றிக் கழிந்த மாதங்களில் சேராமற் போனது முழுவதும் திரும்பும் என்று எவரும் எமக்கு உறுதி தரவில்லை. சாப்பிட்ட பின் கதவைச் சாத்துவாளோ என்று இப்போதும் காது கொடுத்துக்கொண்டிருக்கின்றேன். அந்தக் குழுவில் வாந்தி எடுக்கவும் சொல்லிக் கொடுத்திருக்கின்றார்கள். அதனால் பல்லின் மேற்பூச்சான மிளிரி (எனாமல்) அரித்து, கன்னத்துச் சுரப்பிகள் வீங்கிய இன்னொரு பிள்ளை எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கின்றாள். அவள் பார்வைக்கு மெலிந்தவளே அல்லள், அதனால் எவரும் நம்பவில்லை.

4. இனி அலுவலகங்களின் கதை. தேநீர் என்பதால் இது உணவு என்றார் ஒருவர். அப்படியானால் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கின்றது. மாத்திரை என்பதால் இது மருந்து, தம்முடையதல்ல என்றார் இன்னொருவர்; அதற்கு 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இருக்கின்றது, பதிவில்லாத மருந்தை விற்க அது இடமளிப்பதில்லை. மூலிகை என்று எழுதியிருப்பதால் ஆயுர்வேதம் என்றார் மூன்றாமவர். அதற்கும் 1961இலிருந்து ஒரு சட்டம் உண்டு. மூன்று சட்டங்கள் இருந்தும் அந்தப் படியில் ஏற ஓர் உத்தியோகத்தர் இல்லை. கடலை வண்டிக்காரரின் கண்ணாடிப் பெட்டிக்கு மூடியில்லை என்று அதே சந்தியில் வழக்கு எழுதிய பொதுச் சுகாதாரப் பரிசோதகர், தலையை நிமிர்த்தி மேலே ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

"மெலிய ஆசைப்படும் பிள்ளைகளுக்கு நாங்கள் என்ன செய்வது, நீரிழிவுதானே எங்களுக்குப் பெரிய தலையிடி" என்றும் ஒரு பதில் வாய்மொழியாகக் கிடைத்தது. நீரிழிவு பொய்யல்ல, வைத்தியர் சொல்லி அளவாக நிறை குறைப்பதை நாம் எதிர்க்கவும் இல்லை. ஆனால் உணவு மறுக்கும் நோய் உளநோய்களுள் மிகக் கூடிய இறப்பு வீதமுள்ளவற்றில் ஒன்று. அதை ஆசை என்று எழுதி மூடிவிட முடியாது.

5. பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் நிறையை உரத்து வாசிப்பதை நிறுத்துங்கள். எழுதுபவருக்குக் கேட்பது வகுப்பு முழுவதற்கும் கேட்கின்றது; அன்று பின்னேரமே அந்தப் பிள்ளைக்குப் பட்டப்பெயர் வந்துவிடுகின்றது. ஒரு மறைப்புத் துணி போதும்.

6. ஆண்பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி நிலையங்களில் விற்கப்படும் பெயரில்லாத பவுடர்களையும் பார்க்கவும்.

ஆகவே ஐயா, மறுபடியும் கேட்கின்றோம்: அந்தப் படியில் ஏறுங்கள். உணவு மற்றும் மருந்துப் பரிசோதகரையும் அழைத்துச் சென்று மாதிரிகளை எடுத்து, ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, முடிவு வரும்வரை விற்பனையை நிறுத்துங்கள். இப்படிப் பாதிக்கப்பட்ட பிள்ளைகளைப் பார்க்க, மனநல வைத்திய அதிகாரியும் போசாக்கு ஆலோசகரும் ஒன்றாக இருக்கும் ஒரு பின்னேரக் கிளினிக்கை, அதுவும் ரியூசன் நேரத்தோடு மோதாத வேளையில், ஒழுங்குசெய்து தாருங்கள். இப்போது ஒருவரைக் காண ஒரு நாள், மற்றவரைக் காண வேறொரு நாள். இரண்டுக்கும் பள்ளிக்கூடத்தில் காரணம் சொல்ல வேண்டியிருப்பதால் பிள்ளை வர மறுக்கின்றாள். புதிய கட்டடம் கேட்கவில்லை, புதிய ஆளணி கேட்கவில்லை. ஆவணி பிறந்தால் கலியாண முகூர்த்தங்கள் தொடங்கும். வெளிநாட்டு மாப்பிள்ளைக்குப் படம் அனுப்ப வேண்டும் என்று புதிதாக எத்தனை பெண்கள் அந்தப் படியில் ஏறுவார்கள் என்பதை நாம் சொல்லித் தாங்கள் அறிய வேண்டியதில்லை. அதற்கு முன்னர் தாங்கள் ஏற வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.

இம்மனுவுக்கும் பதில் வராவிடின், முன்னைய முறைப்பாடுகள் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்துக் கேட்போம். அதற்குப் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்க வேண்டும் என்பது தங்களுக்குத் தெரியும்.

வைத்தியசாலை அறிக்கையின் பிரதி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. மீதியிருக்கும் டப்பியையும் பிரிக்காத தேநீர்ப் பொதிகளையும் இணைக்கவில்லை. முன்னைய கடிதங்கள் போன இடத்துக்கே அவையும் போய்விடக்கூடாது என்று என்னிடமே வைத்திருக்கின்றேன். தங்கள் உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தால் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைப்பேன்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,

செயலாளர்,
மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்
(உறுப்பினர் கையொப்பங்கள் மறுபக்கத்தில்)

பிரதி: பிரதேச செயலாளர், கிராம அலுவலர்