ஐ.க்யூ. பார்த்து செக்‌ஷன் பிரிக்கும் பள்ளித் தாளாளர்களுக்கு

ஈரோடு, நாமக்கல், கோவை வட்டாரத் தாளாளர்களுக்கு வணக்கமுங்க.

ஐ.க்யூ. எண்ணை, அதாவது அறிவுத்திறன் சோதனை மதிப்பெண்ணை, வைத்துப் பிள்ளைகளை 'ஏ' செக்‌ஷன், 'டி' செக்‌ஷன் என்று பிரிக்கும் பள்ளிகளுக்கு மட்டும்தான் இந்த மடல். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஐ.க்யூ.வில் 100 என்பது ஒரு சராசரி. அந்தச் சோதனையை எந்த ஆண்டில், எந்த நாட்டு மக்களிடம் வைத்துத் தரப்படுத்தினார்களோ, அவர்களுடைய சராசரி. அது நின்ற இடத்தில் நிற்பதில்லை. 1932 முதல் 1978 வரை அமெரிக்கர்களின் மதிப்பெண் ஏறத்தாழ 14 புள்ளி கூடியிருந்ததை நியூசிலாந்துப் பேராசிரியர் ஜேம்ஸ் ஃபிளின் 1984இல் காட்டினார். பத்தாண்டுக்கு 3 புள்ளி. அதே வேகம் என்று வைத்தால், 20 ஆண்டுப் பழைய அளவுகோலில் சோதித்த பிள்ளைக்கு 6 புள்ளி சும்மாவே ஏறும். புதிய சோதனை எழுதிய பிள்ளைக்கு ஏறாது. இரண்டு சான்றிதழையும் பக்கத்தில் வைத்து யாரைக் கீழே தள்ளுவீர்கள்?

ஏற்றமும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இல்லை. உருவங்களைப் பார்த்து அடுத்தது எது என்று கண்டுபிடிக்கும் ரேவன் சோதனையில் நிறைய. கணக்கிலும் சொல்வளத்திலும் கொஞ்சம்தான். ஏன் என்பதற்கு ஒரு பழைய ஆய்வு குறிப்புத் தரும். 1930களின் தொடக்கத்தில் உஸ்பெகிஸ்தானில், பனி மூடிய வடக்கில் கரடியெல்லாம் வெள்ளை என்று சொல்லி, அங்கிருக்கும் ஒரு தீவில் கரடி என்ன நிறம் என்று லூரியா என்ற ஆய்வாளர் கேட்டார். பள்ளிக்கூடம் போகாத உழவர்கள், "நாங்க பார்த்ததில்லையே" என்றார்கள். எங்கள் அப்பாருவும் அப்படித்தான் சொல்லியிருப்பார். ஆனால் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் காளையின் பல்லைப் பார்த்து வயசு சொல்லி, துண்டுக்கடியில் விரல் பிடித்து விலையும் முடித்துவிடுவார். அவரை மந்தம் என்று யாரும் சொன்னதில்லை. காணாத கரடியைப் பற்றி யோசிக்கும் பழக்கம் பள்ளிக்கூடம் தந்தது, அவ்வளவுதான்.

அப்புறம், நார்வேயில் 1975க்குப் பின் பிறந்தவர்களின் மதிப்பெண் இறங்கியிருக்கிறது. ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளுக்குள்ளேயே அந்த இறக்கம் தெரிந்ததை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே தலைமுறை ஏற்ற இறக்கத்துக்கு வம்சத்தைக் காரணம் காட்ட வழியில்லை. "அந்தக் குடும்பத்துப் பிள்ளை அப்படித்தான்" என்ற பேச்சை இனி ஆசிரியர் அறையில் நிறுத்தச் சொல்லுங்கள்.

கேட்பது இரண்டே விஷயம். சோதனையின் பெயர், தரப்படுத்திய ஆண்டு, நாடு மூன்றையும் அறிக்கையில் அச்சிடுங்கள். அச்சிட முடியாத எண்ணை வைத்து எந்தப் பிள்ளையையும் 'டி' செக்‌ஷனில் உட்கார வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
கோபிசெட்டிபாளையம் பக்கத்துப் பெற்றோர் ஒருவர்